நல்ல போட்டோதான்... ஆனாலும் ‘ரிஜெக்ட்’ ஏன்? ஸ்டாக் போட்டோ தளங்கள் படங்களைத் திருப்பி அனுப்புவதன் காரணங்களும், அடுத்து செய்ய வேண்டியதும்

மொபைலிலோ கேமராவிலோ எடுத்த படங்களை ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற தளங்களில் விற்கலாம் என்று இறங்குபவர்களில் பலருக்கு முதலில் வருவது வருமானம் இல்லை, நிராகரிப்பு மெயில்தான். இன்ஸ்டாகிராமில் லைக் குவித்த அதே சூரிய உதயத்தை இங்கே ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘படம் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?’ என்று குழம்பி அதோடு விட்டுவிடுபவர்களும் உண்டு. உண்மையில் அந்த ஒற்றை வரிக்குள் என்ன இருக்கிறது?

படம் அழகா என்று யாரும் பார்ப்பதில்லை

ஸ்டாக் போட்டோ என்பது முன்கூட்டியே எடுத்து வைத்து, தேவைப்படுபவர்களுக்கு உரிமம் கொடுத்து விற்கப்படும் படம். 2003-ல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கிய ஜான் ஒரிங்கர், ஆரம்பத்தில் தானே எடுத்த சுமார் 30 ஆயிரம் படங்களை வைத்துத்தான் கடையைத் திறந்தார். இன்று உலகின் எந்த ஊரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம்.

வாங்குபவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விளம்பர நிறுவனம், பாடப்புத்தகப் பதிப்பகம், வங்கியின் இணையதளம், ஹோட்டல் மெனு கார்டு அடிப்பவர் என்று யாராகவும் இருக்கலாம். அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால் உடையக் கூடாது. அதை விளம்பரத்தில் போட்டால் யாரும் வழக்கு போடக் கூடாது. பரிசீலிப்பவர் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். அதனால் நிராகரிப்பை எடுத்தவரின் திறமைக்குப் போட்ட மார்க் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஒரு டீக்கடைப் படத்தில் எத்தனை சிக்கல்?

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் டீயை ஆற்றுகிறார், ஆவி பறக்கிறது, பின்னாலிருந்து வெளிச்சம் விழுகிறது. அருமையான படம். ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுப்பினால் திரும்பி வர நிறைய வாய்ப்பு உண்டு.

முதல் சிக்கல் மாஸ்டரின் முகம். அடையாளம் தெரியும் நபர் இருந்தால் அவர் கையெழுத்திட்ட ‘மாடல் ரிலீஸ்’ என்ற ஒப்புதல் படிவம் கட்டாயம். சிறுவர்கள் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நாளை அந்தப் படத்தை யாரோ வாங்கி, சர்க்கரை நோய் மருந்து விளம்பரத்திலோ கடன் வசூல் விளம்பரத்திலோ போட்டுவிட்டால் அவர் ஊரில் எப்படித் தலைகாட்டுவார்? ‘எனக்கே தெரியாம என் மூஞ்சி எப்படி வந்துச்சு’ என்று அவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் காகிதம்.

அடுத்து, மேடையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பெயர். டீத்தூள் கம்பெனி கொடுத்த போர்டு. மாஸ்டர் சட்டையில் இருக்கும் லோகோ. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர். பலரும் கவனிக்காதது சாமி படம் போட்ட காலண்டர். அந்த ஓவியத்துக்கும் ஓர் ஓவியரோ பதிப்பாளரோ உரிமை வைத்திருக்கலாம். பஜ்ஜியை மடித்த செய்தித்தாளில் எழுத்தும் படமும் தெளிவாகத் தெரிந்தால் அதுவும் பிரச்சினைதான்.

இதையெல்லாம் நிராகரிப்பு மெயில் ‘அறிவுசார் சொத்துரிமை’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். படத்தில் எந்த மூலையில் சிக்கல் என்று பெரும்பாலும் குறிப்பிட்டுச் சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

கட்டடங்களிலும் கவனம் தேவை

பாரிஸ் ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து அனுப்பினால் சிக்கல் இல்லை. இரவில் அதன் விளக்கு அலங்காரத்தோடு எடுத்தால், அந்த ஒளி வடிவமைப்புக்குத் தனி உரிமை இருப்பதால் வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்க மாட்டார்கள். நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் தன் கட்டடத் தோற்றத்துக்கே 2017-ல் வணிக முத்திரை பதிவு பெற்றது.

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை போன்றவை இன்னும் குழப்பமானவை. அது திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1-ல்தான். பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிற்பத்தைப் படம் எடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் இந்தத் தளங்கள் பல நாடுகளின் சட்டங்களை மனதில் வைத்து விதி போடுகின்றன. நவீன கால சிற்பம் படத்தின் மையமாக இருந்தால் உரிமைக் கடிதம் கேட்கப்படலாம். சட்டம் பேசி ஜெயிக்க முடியாது. படம் அவர்கள் கடையில் இருக்கிறது, விதியும் அவர்களுடையது.

நாய்ஸ், ஃபோகஸ், அளவு

தொழில்நுட்பக் காரணங்கள் புரிந்துகொள்ள எளிது. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டிலும் படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்க வேண்டும். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள மொபைல் படம் 12 மெகாபிக்சல். அதில் கால்வாசியை மட்டும் வெட்டி எடுத்தால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல்தான், அப்போதே அவுட். சாஃப்ட்வேரில் இழுத்துப் பெரிதாக்கினால் கண்டுபிடித்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை டவுன்லோடு செய்து அனுப்புவதும் வேண்டாம். அது ஏற்கெனவே சுருங்கிய படம்.

மொபைல் திரையில் பளிச்சென்று தெரியும் படத்தைக் கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் திறந்து பார்த்தால் கதை வேறு. இருட்டில் எடுத்த படங்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும். மொபைல் தானாகவே மெழுகியதால் முகமும் இலையும் வாட்டர்கலர் போல இருக்கும். ஃபோகஸ் கண்ணில் விழாமல் காதில் விழுந்திருக்கும். வானத்தில் சென்சார் தூசி கரும்புள்ளியாக நிற்கும். அனுப்பும் முன் ஒரு முறை நான்கு மூலைகளையும் இப்படிப் பார்த்துவிட்டாலே பாதி நிராகரிப்பைத் தவிர்க்கலாம்.

திருத்துவதா, விட்டுவிடுவதா?

தூசி, லோகோ, கொஞ்சம் சாய்ந்த அடிவானம் போன்றவற்றைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஃபோகஸ் போன படத்தை எதுவும் காப்பாற்றாது, விட்டுவிடுவதே நல்லது. எதையும் மாற்றாமல் அதே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் ஆபத்தான பழக்கம். கணக்கையே முடக்க அது காரணமாகலாம். ஒரே கோலத்தை 20 கோணத்தில் எடுத்து அத்தனையையும் ஏற்றினால் ‘ஒரே மாதிரி படங்கள்’ என்ற காரணத்தில் கழித்துவிடுவார்கள். இரண்டு மூன்று போதும்.

நேரக் கணக்கும் முக்கியம். 2020 ஜூன் முதல் ஷட்டர்ஸ்டாக்கில் எடுத்தவருக்கு 15 முதல் 40 சதவீதம் வரை பங்கு என்ற முறை வந்தது. வருடம் பிறந்தால் எல்லோரும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட் மட்டுமே கிடைப்பதும் உண்டு, நம்ம காசுக்கு 10 ரூபாய்க்கும் கீழே. அடோபி ஸ்டாக் போட்டோக்களுக்கு 33 சதவீதம் தருகிறது. இந்த நிலையில் ஒரே படத்தை மீட்க ஒரு மணி நேரம் எடிட்டிங்கில் உட்காருவது கட்டுப்படியாகாது. அந்த நேரத்தில் புதிதாகப் பத்து எடுத்துவிடலாம்.

ஒப்புதல் படிவம் இல்லாத டீக்கடைப் படத்துக்கு இன்னொரு வழி உண்டு. ‘எடிட்டோரியல்’ பிரிவில், அதாவது செய்தி, கட்டுரைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அனுப்பலாம். ஊர், நாடு, தேதி, நடப்பது என்ன என்று தலைப்பில் இருக்க வேண்டும். தளத்துக்குத் தளம் விதி மாறும் என்பதால் முதலில் படித்துக்கொள்வது நல்லது. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. வணிகப் பிரிவுக்காக லோகோவை அழித்த அதே பிரதியை எடிட்டோரியலில் போடக் கூடாது. செய்திப் படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ அனுமதி இல்லை. அசல் ஃபைலை எப்போதும் தனியாக வைத்திருங்கள்.

ஒரு தளம் வேண்டாம் என்றதை இன்னொரு தளம் எடுத்துக்கொள்வதும் சகஜம். பிரத்யேக ஒப்பந்தம் போடாதவரை ஒரே படத்தைப் பல தளங்களுக்கு அனுப்பலாம். அனுப்பிய படம், தேதி, சொன்ன காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் 50 படங்களுக்குள் ஒரு விஷயம் புரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

ஏஐ படங்கள் அனுப்பலாமா?

அடோபி ஸ்டாக், ஏஐ-யில் உருவாக்கியது என்று குறிப்பிட்டால் ஏற்கிறது. குறிப்பிடாமல் அனுப்பினால் சிக்கல். ஷட்டர்ஸ்டாக் படம் அனுப்புபவர்களிடமிருந்து ஏஐ படங்களை வாங்குவதில்லை. கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பரிலேயே தடை போட்டுவிட்டது.

பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

இந்தத் தளங்களில் கணக்குத் தொடங்கவும், படத்தைப் பரிசீலனைக்கு அனுப்பவும் கட்டணம் கிடையாது. ‘அப்ரூவல் வாங்கித் தர்றோம், ரெடிமேட் அக்கவுன்ட் தர்றோம்’ என்று யாராவது பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். இன்னொருவர் பெயரில் இருக்கும் கணக்கு முடக்கப்பட்டால், அதில் சேர்ந்த தொகையை நீங்கள் கேட்டு வாங்க வழியே இருக்காது.