கூகுள் ஆப் எஞ்சினில் இயங்குசூழலை அறிதல்

இயங்குசூழலை அறிதல் என்பது, ஒரு வலைச் செயலி நிரலரின் சொந்தக் கணினியில் இயங்குகிறதா, பயனர்களுக்காக மேக வழங்கியில் இயங்குகிறதா என்பதை அச்செயலியின் நிரலே கண்டறிவதாகும். கூகுள் நிறுவனம் 2008 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய ஆப் எஞ்சின் தளத்தில் இது சூழல் மாறிகளின் வழியே செய்யப்படுகிறது.

தேவை

ஒரே நிரல் இரு இடங்களிலும் இயங்கினாலும் அது நடந்துகொள்ள வேண்டிய முறை வேறு. சொந்தக் கணினியில் பிழை நேரும்போது நிரல் வரிகளுடன் முழு விவரமும் திரையில் தோன்றுவது நிரலருக்கு உதவும். அதே பக்கம் பொதுமக்களுக்குத் தெரிந்தால் செயலியின் உள்ளமைப்பு வெளிப்பட்டுவிடும். இதற்கு எதிரான தவறு இன்னும் கடுமையானது: சோதனை மின்னஞ்சல் உண்மையான பயனர்களுக்குச் செல்லலாம்; உண்மையான தரவு அழியலாம்.

பழைய முறை

பைத்தான் 2 பதிப்பில் 'சர்வர்_சாஃப்ட்வேர்' என்னும் சூழல் மாறி பயன்பட்டது. சொந்தக் கணினியில் இயங்கும் உருவாக்க வழங்கி அதில் 'டெவலப்மென்ட்' என்று தொடங்கும் மதிப்பை இடும்; கூகுளின் வழங்கிகளில் அம்மதிப்பு 'கூகுள் ஆப் எஞ்சின்' என்று தொடங்கும். உருவாக்க வழங்கி தரவுத்தளத்தைக் கணினியிலேயே போலச்செய்தது. இயல்பு அமைப்பில் மின்னஞ்சலை அனுப்பாமல் பதிவேட்டில் மட்டும் குறித்தது. ஆகவே சோதனை தவறினாலும் பெருந்தீங்கு நேர்வது அரிது.

முகவரியில் 'லோக்கல்ஹோஸ்ட்' உள்ளதா என்று பார்ப்பதும் வழக்கில் உண்டு. இது நம்பத்தக்கதன்று. அப்பெயர் உலாவி அனுப்புவது. அதே கணினியை நிரலர் தம் கைபேசியிலிருந்து பிணைய எண் மூலம் அணுகினால் அப்பெயர் வராது.

பைத்தான் 3 பதிப்பில்

2018இல் வந்த பைத்தான் 3 சூழலில் 'ஜிஏஇ_என்வி' என்னும் மாறி மேக வழங்கியில் 'ஸ்டாண்டர்டு' என்னும் மதிப்பைப் பெறுகிறது. சொந்தக் கணினியில், நிரலர் தாமே இட்டாலன்றி, அம்மாறி இராது. பைத்தான் 2க்கான ஆதரவு 2024 சனவரியில் முடிவுற்றதால் பழைய நிரல்கள் பல இடம்பெயர்க்கப்பட்டன. சிக்கல் இங்குதான் எழுகிறது. 'டெவலப்மென்ட் இல்லையெனில் மேக வழங்கி' என்று எழுதிய பழைய சோதனை, புதிய முறையில் நிரலரின் மடிக்கணினியையே மேக வழங்கியாகக் கருதிவிடும். மேலும், போலித் தரவுத்தளத்தைத் தனியாக அமைக்காவிட்டால், நிரலரின் அனுமதிச் சான்றுகளைக் கொண்டு நிரல் உண்மைத் தரவுத்தளத்துடனேயே இணையக்கூடும்.

எனவே, மின்னஞ்சல் அனுப்புதல், தரவை மாற்றுதல் போன்றவற்றுக்கு மேக வழங்கி என்பது உறுதியானால் மட்டுமே இசைவு தரவேண்டும். பிழை விவரம் காட்டுவதற்கோ சொந்தக் கணினி என்பது உறுதியாக வேண்டும். இரண்டையும் ஒரே 'ஆம்/இல்லை' மாறியில் அடக்குவதே பெரும்பாலும் நேரும் பிழை.

வரம்புகள்

மேக வழங்கியில் இயங்குவதெல்லாம் பயனர்களுக்கானதன்று. வெளியீட்டுக்கு முன் சோதிப்பதற்கென ஏற்றப்படும் பதிப்பிலும் 'ஜிஏஇ_என்வி' அதே மதிப்பையே கொண்டிருக்கும். ஒரே திட்டத்திலுள்ள பதிப்புகள் யாவும் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்வதால், சோதனைப் பதிப்பு எழுதுவது உண்மைத் தரவிலேயே சென்று சேரும். இதனைத் தவிர்க்கச் சோதனைக்குத் தனித் திட்டம் தொடங்கி, 'கூகுள்_கிளவுட்_பிராஜெக்ட்' மாறியிலுள்ள திட்டப் பெயரைக் கொண்டு வேறுபடுத்துவர்.