பெயர்த் தகட்டை இழந்த கார்புரேட்டர்

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்த சிறு சரக்கு லாரிகள் அமெரிக்க நாட்டின் சாலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் பழுதுபார்த்து ஓட்டுவது அங்கு அரிதன்று. அத்தகைய வண்டி ஒருநாள் கரும்புகை கக்குகிறது. அல்லது மேடு ஏறும்போது திணறி நின்றுவிடுகிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே நைந்துபோன ரப்பர்ச் சவ்வுகளையும் தாள் காஸ்கெட்டுகளையும் மாற்றியாக வேண்டும். இவ்வுறுப்புகள் யாவும் சேர்ந்த பொட்டலம் ‘ரிப்பேர் கிட்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. ‘1968-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 லாரிக்கு ஒரு கிட் வேண்டும்’ என்று கேட்டால், விவரம் அறிந்த கடைக்காரர் உடனே எடுத்துத் தருவதில்லை. ‘கார்புரேட்டரின் எண் என்ன?’ என்று திருப்பிக் கேட்கிறார்.

வண்டியின் பெயரும் ஆண்டும் தெரிந்திருக்க, எண் எதற்கு? இக்கேள்வியின் விடையில் பாதி இயற்பியலில் இருக்கிறது. மறுபாதி வரலாற்றில் இருக்கிறது. இரண்டையும் காண்போம்.

எஞ்சினின் மூச்சு

பெட்ரோல் எஞ்சின் உண்மையில் ஒரு காற்று எந்திரம். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இதைக் கன அளவில் சொன்னால் வியப்பாக இருக்கும். 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும்! காற்று மிகக் குறைந்தால் பெட்ரோல் எரியாமல் புகையாகும். காற்று மிகுந்தால் எஞ்சின் திணறும், சூடேறும். இவ்விகிதத்தைக் காத்துத் தருவதே கார்புரேட்டரின் வேலை.

நாம் எடுத்துக்கொண்ட லாரியில் 360 கன அங்குல எட்டு சிலிண்டர் எஞ்சின் இருப்பதாகக் கொள்வோம். இது ஃபோர்டு லாரிகளில் 1968-இல் அறிமுகமானது. 360 கன அங்குலம் என்பது சுமார் 5.9 லிட்டர். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இந்த அளவு காற்றை உள்ளிழுக்கும். நிமிடத்திற்கு 2,400 சுற்றுகள் சுழன்றால், சிலிண்டர்கள் முழுமையாக நிரம்பும் நிலையில், நிமிடத்திற்கு 7,000 லிட்டர் காற்று கார்புரேட்டர் வழியே பாய வேண்டும். அதற்கு ஈடாக முக்கால் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பெட்ரோல், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய நுண்துளைகளின் வழியே வந்து சேர வேண்டும். எஞ்சின் வெறுமனே ஓடும்போதோ இதில் மிகச் சிறு பங்கே போதும். இத்தனைக்கும் ஒரு கருவி ஈடுகொடுக்கிறது.

தெளிப்பான் பிறந்த கதை

தொடக்க காலத்துக் கார்புரேட்டர் இவ்வளவு சிக்கலானதன்று. 1886-இல் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில், எரிபொருள் நிரம்பிய கலத்தின் வழியே காற்று சென்று, ஆவியைக் கலந்துகொண்டு எஞ்சினை அடைந்தது. ஆவியாதல் வெப்பநிலையைப் பொறுத்தது. ஆகவே குளிர்காலத்தில் ஒரு விகிதமும் கோடையில் வேறொரு விகிதமும் கிடைத்தன. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இம்முறை ஒத்துவரவில்லை.

ஆவிக்காகக் காத்திராமல் பெட்ரோலைத் துளித்துளியாகச் சிதறடித்தால் என்ன? இந்த எண்ணம் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் தோன்றியது. புடாபெஸ்ட் நகரத்தில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் பொறியாளர் இருவர் 1893 பிப்ரவரியில் தம் தெளிப்புக் கார்புரேட்டருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தனர். ஜெர்மனியில் டைம்லருடன் பணியாற்றிய வில்ஹெல்ம் மேபாக் அதே ஆண்டு ஆகஸ்டில் விண்ணப்பித்தார். பெரும்பாலான நூல்கள் மேபாக்கின் பெயரையே சொல்கின்றன. அங்கேரி மக்கள் இதை ஒப்புவதில்லை.

இவர்கள் பயன்படுத்திய தத்துவம் நீங்கள் வகுப்பில் படித்ததுதான். குழாயின் இடை குறுகும்போது ஓட்டத்தின் வேகம் கூடும். அங்கே அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738-இல் இதன் அடிப்படையை வெளியிட்டார். குறுகிய குழாய்களில் நீரோட்டத்தை ஆராய்ந்து இத்தாலியரான வென்டுரி 1797-இல் எழுதினார். அமெரிக்கப் பொறியாளர் கிளெமன்ஸ் ஹெர்ஷல் 1887-இல் இத்தகைய குழாயை நீரோட்டத்தை அளக்கும் கருவியாக ஆக்கி, அதற்கு வென்டுரியின் பெயரைச் சூட்டினார். கார்புரேட்டரின் ‘கழுத்து’ இன்றும் அப்பெயரையே தாங்குகிறது.

கழுத்தில் பாயும் காற்று பெட்ரோலை ‘உறிஞ்சுகிறது’ என்கிறோம். உண்மையில் உறிஞ்சுதல் என்ற ஒன்று இல்லை. மிதவைத் தொட்டியில் உள்ள பெட்ரோலின்மீது வளிமண்டலம் அழுத்துகிறது. கழுத்தில் அழுத்தம் குறைவு. எனவே பெட்ரோல் அங்கே தள்ளப்படுகிறது. தொட்டியில் பெட்ரோலின் மட்டம் ஒரே அளவில் நிற்க மிதவையும் ஊசி வால்வும் துணைபுரிகின்றன.

ஆனால் ஒரு இடர் உண்டு. காற்று விரையும்போது அழுத்தம் குறைந்து அதன் அடர்த்தியும் குறைகிறது. பெட்ரோலின் அடர்த்தியோ மாறுவதில்லை. ஆகவே, ஒற்றைத் துளை மட்டும் கொண்ட கார்புரேட்டரில், வேகம் கூடக் கூடக் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த பிரான்சுவா பாவெரே இதற்கு வழி கண்டார். உறிஞ்சலுக்கு ஆட்படாமல் ஒரே சீராகப் பெட்ரோல் தரும் இரண்டாவது துளையை முதல் துளையுடன் அவர் இணைத்தார். ஒன்றின் மிகுதியை மற்றொன்றின் குறைவு நேர் செய்தது. ‘செனித்’ என்னும் புகழ்பெற்ற கார்புரேட்டர் இவ்வாறு தோன்றியது. பின்னர் வந்தவர்கள் பெட்ரோல் செல்லும் வழியிலேயே சிறிது காற்றைக் கசியவிட்டு இதே பயனைப் பெற்றனர்.

ஒவ்வொரு இடருக்கும் ஒரு துளை, ஒரு சவ்வு, ஒரு வால்வு என்று சேர்ந்துகொண்டே போயிற்று. அவற்றின் அளவுகள் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபட்டன. எண்ணின் தேவை இங்குதான் தொடங்குகிறது.

ஒரே வண்டி, பல கார்புரேட்டர்கள்

ஃபோர்டின் ‘மாடல் டி’ வண்டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி உருவாயிற்று. இத்தனை வண்டிகளுக்கு ஒரே ஆலை கார்புரேட்டர் தருவது கடினம். எனவே ஹோலி, கிங்ஸ்டன் போன்ற பல நிறுவனங்களிடமிருந்து ஃபோர்டு வாங்கிப் பொருத்தினார். வண்டி ஒன்றே, கார்புரேட்டர் வேறு. இப்பழக்கம் அமெரிக்கத் தொழிலில் நிலைத்துவிட்டது. ஹோலி, கார்ட்டர், ஸ்ட்ராம்பர்க், செனித், ராச்செஸ்டர் ஆகியோர் பல வண்டி ஆலைகளுக்கு உறுப்புகளை வழங்கினர்.

பெயர்களும் நிலைத்து நிற்கவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1961-இல் ‘ஆட்டோலைட்’ என்ற பெயரை விலைக்கு வாங்கித் தன் கார்புரேட்டர்களுக்கு இட்டது. போட்டியைக் குறைக்கும் செயல் இது என அரசு வழக்குத் தொடர்ந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அப்பெயரை ஃபோர்டு கைவிட நேர்ந்தது. பின்னர் அதே குடும்பக் கார்புரேட்டர் ‘மோட்டார்கிராஃப்ட்’ என்ற பெயரில் வந்தது. வழக்கு ஒன்று ஒரு கருவிக்கு இரண்டு பெயர்களைத் தந்துவிட்டது!

எண்ணைப் படிக்கும் முறை

நம் லாரியில் இருப்பது ‘ஆட்டோலைட் 2100’ வகை, இரட்டைக் கழுத்துக் கார்புரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல்மூடித் திருகு ஒன்றின்கீழ் சிறு உலோகத் தகடு மாட்டப்பட்டிருக்கும். ஃபோர்டின் முழு உறுப்பு எண் சி8டிஎஃப்-9510 என்பதைப் போலத் தொடங்கும். இதில் ‘சி’ என்பது 1960-களைக் குறிக்கும். ‘டி’ என முதலெழுத்து இருந்தால் 1970-கள். அடுத்த 8 ஆண்டின் கடைசி இலக்கம். ஆகவே 1968. மூன்றாவதாக உள்ள ‘டி’ லாரி வகையைக் குறிக்கும். 9510 என்பது ஃபோர்டின் கணக்கில் ‘கார்புரேட்டர்’ என்று பொருள். தகட்டில் இடம் சிறிது. எனவே 9510-ஐப் பொறிப்பதில்லை. அதன்பின் வரும் எழுத்துகளே இன்ன எஞ்சினுக்கு, இன்ன கியர்ப்பெட்டிக்கு என்று பிரித்துச் சொல்பவை.

ஒன்றை மறக்கலாகாது. இவ்வாண்டு உறுப்பை வடிவமைத்த ஆண்டு. வண்டி செய்யப்பட்ட ஆண்டும் அதுவே என்று கொள்ள முடியாது. 1968-இல் வடிவமைத்த உறுப்பு அடுத்த ஆண்டு வண்டியிலும் இருக்கலாம்.

மற்ற நிறுவனங்களுக்கு வேறு மரபுகள் உண்டு. ஹோலி நிறுவனம் சோக் தகடு இருக்கும் மேற்பகுதியின் சுவரில் ‘லிஸ்ட்’ என்று பொறித்து எண்ணை இடும். ராச்செஸ்டரின் எண் பெரும்பாலும் 70 என்று தொடங்கும் ஏழு இலக்கம். கார்ட்டரின் எண் ‘எஸ்’ என்ற எழுத்துடன் முடியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பின் கார்ட்டர் 539எஸ் இதற்கு எடுத்துக்காட்டு.

தகடு இல்லாதபோது

ஐம்பது ஆண்டுகளில் கார்புரேட்டரைப் பலமுறை திறந்திருப்பார்கள். தகட்டைத் திரும்ப மாட்ட மறந்தவர் ஒருவராவது இருப்பார். பழுதுபார்த்து விற்கும் ஆலைகளில் ஒன்றின் மூடி மற்றொன்றின் உடலோடு சேர்ந்திருக்கலாம். எஞ்சினையே யாரேனும் மாற்றியிருக்கலாம். அப்போது என்ன செய்வது?

முதலில் அழுக்கைக் கழுவி, உடலின் அடித்தட்டைப் பாருங்கள். 2100 வகையில் அடித்தட்டின் விளிம்பிலும் எண் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. வார்ப்பில் புடைத்துத் தெரியும் எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. அது வார்ப்பு அச்சின் எண். ஒரே வார்ப்பைப் பல அளவுகளில் துளையிட்டுப் பல எஞ்சின்களுக்குப் பயன்படுத்துவர். வார்ப்பு எண் குடும்பப் பெயர் போன்றது. பொறித்த எண்ணே ஆளின் பெயர்.

அடுத்து, மிதவைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்டத்தைத் தேடுங்கள். அதனுள் 1.08 அல்லது 1.14 அல்லது 1.21 என்பது போன்ற எண் இருக்கும். அது கழுத்தின் விட்டம், அங்குலத்தில். 1.08 அங்குலம் 27.4 மில்லிமீட்டர், 1.21 அங்குலம் 30.7 மில்லிமீட்டர். வேறுபாடு 3 மில்லிமீட்டர்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? 1.21-ஐ 1.08-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.25 வருகிறது. கழுத்தின் நடுவே நிற்கும் சிறு தெளிப்புறுப்பு மறைக்கும் இடத்தை விட்டுவிட்டால், காற்று செல்லும் வழி இருபத்தைந்து விழுக்காடு பெரிது! கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். எஞ்சினுக்கோ முற்றிலும் வேறானவர்கள்.

பிறகு சோக் கையால் இழுப்பதா, வெப்பத்தால் தானே இயங்குவதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துகளை எண்ணுங்கள். எரிபொருள் குழாய் நுழையும் இடத்தையும் அடித்தட்டின் திருகுத் துளைகளையும் அளந்து வையுங்கள். பழைய காஸ்கெட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். கிட் வந்ததும் புதியதைப் பழையதன்மேல் வைத்து ஒவ்வொரு துளையாக ஒப்பிடுங்கள். ஒரு கிட்டில் மூன்று நான்கு வகைக் காஸ்கெட்டுகள் இருப்பதற்குக் காரணம் அது பல எண்களுக்குப் பொதுவானது என்பதே. மிச்சப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை.

தவறான கிட் என்ன செய்யும்?

காஸ்கெட்டில் ஒரு துளை இல்லாவிட்டால் ஒரு காற்றுவழி அடைபடும். பாவெரே கண்ட சமநிலை குலையும். சுமையேறும்போது கூடுதல் பெட்ரோல் தரும் ‘பவர் வால்வு’ எஞ்சினின் வெற்றிடம் ஒரு குறித்த அளவுக்குக் குறையும்போது திறக்க வேண்டும். அந்த அளவைப் பாதரச அங்குலத்தில் குறிப்பர். முன்கூட்டியே திறந்தால் பெட்ரோல் வீண். பிந்தித் திறந்தால் சுமையோடு மேடேறும் லாரி திணறும். ஊசி வால்வின் இருக்கை சரியாகப் பொருந்தாவிட்டால் தொட்டி நிரம்பி, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் வழியும். இது தீவிபத்துக்கு இடமாகும்.

இக்காலத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1960-களில் செய்த ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. ரப்பர் உப்பும், பிறகு கெடும். ஆகவே கடையின் மூலையில் பல்லாண்டு கிடந்த பழைய கிட், எண் சரியாகவே இருந்தாலும், உதவாமற் போகலாம். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் கொண்ட புதிய கிட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

கிட்டால் ஆகாத செயலும் உண்டு. பெட்ரோல் பாயும் முதன்மைத் துளைகள், அதாவது ஜெட்டுகள், வழக்கமாகக் கிட்டில் வருவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரமுள்ள டென்வர் நகரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. அங்கு வாழ்ந்த பழைய உரிமையாளர் சிறிய ஜெட்டுகளைப் பொருத்தியிருக்கலாம். அவ்வண்டி கடற்கரை ஊருக்கு வந்தால் பெட்ரோல் போதாமல் திணறும். ஜெட்டின் விட்டம் 5 விழுக்காடு மாறினாலே பெட்ரோல் சுமார் 10 விழுக்காடு மாறும். எனவே ஜெட்டின் தலையில் பொறித்த எண்ணையும், அந்தக் கார்புரேட்டருக்கு விதித்த அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்வது நலம். அட்டவணையைத் தேட மீண்டும் அதே தகட்டு எண்தான் வேண்டும்.

அமெரிக்காவில் 1970-களில் புகைக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. கார்புரேட்டர் முதலில் மேலும் சிக்கலாகி, பின்னர் மின்னணுத் தெளிப்பு முறைக்கு இடம்விட்டு, 1990-களின் முற்பகுதியில் அங்கே புதிய வண்டிகளிலிருந்து மறைந்தது. அதை வடிவமைத்து அளவு குறித்த தலைமுறையினர் விட்டுச்சென்ற குறிப்புகளுக்கெல்லாம் திறவுகோல், தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்தத் தகடு. கிட்டை மாட்டி முடித்ததும் அதைப் பழைய திருகின்கீழ் மறவாமல் பொருத்திவிடுங்கள். தகடு இல்லையென்றால், கண்டறிந்த எண்ணைப் புதுத் தகடு ஒன்றில் பொறித்து மாட்டுங்கள். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அந்த மூடியைத் திறக்கப் போகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.