ஸ்கூல் டீச்சர் நடத்துவது காலேஜ் பாடம்... அவருக்கு மார்க் போடுவது யார்? அமெரிக்காவின் 'டூயல் கிரெடிட்' சிக்கல்

நம்ம ஊரில் பிளஸ் 2 முடித்த பிறகுதான் காலேஜ். அமெரிக்காவில் அப்படி இல்லை. 11, 12ஆம் வகுப்பு படிக்கும்போதே காலேஜ் பாடத்தில் சேர்ந்து, அதற்கான கிரெடிட்டையும் கையில் வாங்கிவிடலாம். இதற்குப் பெயர் 'டூயல் கிரெடிட்' அல்லது 'டூயல் என்ரோல்மென்ட்'. 2022-23 கல்வியாண்டில் மட்டும் சுமார் 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிப் படித்திருக்கிறார்கள்.

சிலர் காலேஜுக்கே போய் உட்காருவார்கள், சிலர் ஆன்லைனில் படிப்பார்கள். ஆனால் பெரும்பகுதி நடப்பது பள்ளி வகுப்பறையில்தான். காலை முதல் பீரியடில் 9ஆம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுத்த அதே டீச்சர், மூன்றாவது பீரியடில் காலேஜ் கால்குலஸ் எடுப்பார். அவர் போடும் கிரேடு நேராக காலேஜ் மதிப்பெண் சான்றிதழில் ஏறும்.

சரி, அந்த டீச்சர் காலேஜ் தரத்தில்தான் நடத்துகிறாரா என்று யார் பார்ப்பது?

ஒரு 'ஏ' கிரேடில் என்ன இருக்கு?

ஒரு மாணவி பள்ளியில் கால்குலஸ் முதல் பாடத்தை முடித்து 'ஏ' வாங்கிவிட்டார் என வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் நேராக இரண்டாம் கால்குலஸ் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். பள்ளியில் டீச்சர் கொஞ்சம் தாராளமாக கிரேடு போட்டிருந்தால், அந்த உண்மை அவருக்குத் தெரியவருவது அங்கேதான். அப்போது திரும்பிப் போய் முதல் பாடத்தைப் படிக்க நேரமும் இருக்காது, பணமும் வீண்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 16 வயதில் வாங்கிய 'சி' கிரேடு காலேஜ் ரெக்கார்டில் அப்படியே இருக்கும். பிற்காலத்தில் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த காலேஜ் பாடங்களின் கிரேடுகளையும் சேர்த்தே காட்ட வேண்டும். டீச்சரின் தரம் என்பது இங்கே வெறும் நிர்வாக விஷயம் இல்லை.

இரண்டு முதலாளிகள்

இந்த டீச்சருக்கு சம்பளம் கொடுப்பது பள்ளி மாவட்டம். பாடத்துக்குச் சொந்தக்காரர் காலேஜ். இரண்டு பேரும் அவரை மதிப்பிடுவார்கள், ஆனால் வேறு வேறு விஷயத்தை.

பிரின்சிபல் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பாடத் திட்டமிடல், வகுப்பறைச் சூழல், கற்பிக்கும் முறை, தொழில் பொறுப்பு என சார்லட் டேனியல்சன் வகுத்த நான்கு பிரிவுகளை வைத்துப் பல மாவட்டங்களில் ரேட்டிங் போடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அந்த பிரின்சிபல் ஆங்கிலமோ விளையாட்டோ சொல்லிக்கொடுத்து மேலே வந்தவராக இருக்கலாம். பிள்ளைகள் கவனிக்கிறார்களா, கேள்வி கேட்கிறார்களா என்று அவரால் சொல்ல முடியும். போர்டில் இருப்பது காலேஜ் கணக்கா, அதன் மேலோட்டமா என்று சொல்வது கஷ்டம்.

அதைச் சொல்லக்கூடியவர் காலேஜ் பேராசிரியர். ஆனால் அவர் எப்போதாவது ஒருமுறைதான் வருவார். அன்றைக்கு வகுப்பு எப்படி இருக்கும் என்பதை நம்ம ஊர் இன்ஸ்பெக்ஷன் நாளை நினைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும்!

டிகிரி போதுமா?

எளிதில் சரிபார்க்கக் கூடியது காகிதம்தான். அதனால் சண்டை அதிகம் நடந்ததும் அதில்தான்.

அப்போது அமெரிக்காவின் நடுப்பகுதியில் 19 மாநிலங்களின் காலேஜ்களுக்கு அங்கீகாரம் தந்துவந்த அமைப்பு ஹையர் லேர்னிங் கமிஷன். காலேஜ் பாடம் நடத்துபவருக்கு அதே துறையில் மாஸ்டர்ஸ் டிகிரி வேண்டும், வேறு துறையில் மாஸ்டர்ஸ் என்றால் பாடத்துறையில் 18 முதுநிலை கிரெடிட்டாவது வேண்டும் என 2015ல் அது திட்டவட்டமாகச் சொன்னது. பள்ளி ஆசிரியர்களுக்கும் இதே அளவுகோல்.

இங்கேதான் சிக்கல். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலரிடம் மாஸ்டர்ஸ் இருக்கிறது, ஆனால் அது 'கல்வியியல்' மாஸ்டர்ஸ். பல மாவட்டங்களில் எந்த மாஸ்டர்ஸ் முடித்தாலும் சம்பளம் கூடும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வசதியானதைப் படித்தார்கள், அதில் தப்பும் இல்லை. இப்போது 18 கிரெடிட் என்றால் சுமார் 6 பாடங்கள், அதுவும் பல இடங்களில் சொந்தச் செலவில். கிராமப்புறப் பள்ளியில் இருக்கும் ஒரே வேதியியல் டீச்சருக்குத் தகுதி இல்லை என்றால், அந்த ஊரில் காலேஜ் வேதியியலே இல்லை.

எதிர்ப்பு கிளம்பியது. முதலில் 2017 என்றிருந்த கெடு, டூயல் கிரெடிட் ஆசிரியர்களுக்கு 2022க்கும் பிறகு 2023க்கும் தள்ளிப்போனது. கடைசியில் 2023 நவம்பரில் விதியையே தளர்த்தி, தகுதியை முடிவு செய்யும் பொறுப்பை பெருமளவு காலேஜ்களிடமே விட்டுவிட்டார்கள்.

அப்போ எதைத்தான் பார்ப்பது?

இதே பள்ளிகளில் நடக்கும் ஏ.பி. பாடங்களில் இந்தத் தலைவலி குறைவு. சிலபஸை காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், மே மாதம் நாடு முழுக்க ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். திருத்துவது வேறு ஆட்கள். டீச்சர் தாராளமாக மார்க் போட்டாலும் அங்கே எடுபடாது. டூயல் கிரெடிட்டில் அந்த வெளித்தேர்வு கிடையாது. நடத்துபவரே கிரேடும் போடுகிறார்.

இதற்கு உருப்படியான மாற்று ஒன்று உண்டு: விடைத்தாளைப் பார்ப்பது. 1999ல் தொடங்கப்பட்டு, டூயல் கிரெடிட் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் 'நேசெப்' என்ற கூட்டமைப்பு இதைத்தான் கேட்கிறது. காலேஜ் வளாகத்தில் கொடுக்கும் தேர்வையும் பள்ளியில் கொடுக்கும் தேர்வையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே தரமா, திருத்தும் அளவுகோல் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பேராசிரியரின் வகுப்பறை வருகை, ஆண்டுதோறும் பாடம் சார்ந்த பயிற்சி, மாணவர் கருத்துக்கணிப்பு எல்லாமும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் இந்த அங்கீகாரம் பல இடங்களில் கட்டாயமில்லை. விரும்பும் காலேஜ்கள் வாங்கிக்கொள்ளலாம்.

மாணவர் கருத்துக்கணிப்பை மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் படிக்க வேண்டும். 12 பேர் உள்ள வகுப்பில் பெயர் போடாமல் எழுதினாலும் யார் எழுதியது என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். கறாராக மார்க் போடுபவருக்கு 17 வயதுப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

தரம் இல்லை என்று தெரிந்தால்?

காலேஜால் அந்த டீச்சரை வேலையை விட்டு எடுக்க முடியாது. பாடம் நடத்தக் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அவ்வளவுதான். பெற்றால் பள்ளிக்கு ஒரு பாடம் போச்சு, காலேஜுக்கும் மாணவர் எண்ணிக்கை குறையும். கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம் இதுதான்.

அமெரிக்காவில் அண்ணன், அக்கா பிள்ளைகள் ஹைஸ்கூல் படிக்கிறார்கள் என்றால் கோர்ஸில் சேரும் முன் பள்ளியில் கேட்கச் சொல்லுங்கள்: இறுதித் தேர்வுத் தாள் காலேஜிலிருந்து வருகிறதா, டீச்சரே தயாரிப்பதா? காலேஜ் பேராசிரியர் யாராவது விடைத்தாள்களைப் பார்க்கிறார்களா? சிலபஸையும் எழுதிய அசைன்மென்ட்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும். இந்த கிரெடிட்டை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. யோசிக்கும் இடங்கள் அந்த சிலபஸைக் கேட்கலாம்.