யாருடைய சாவில் காலம் சரியாகிறது?
காலப்பயண நாயகர்களும் யானைக்கவுனிச் சுவரும்

காலப்பயணக் கதைகள் பற்றிப் பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். பொடிசுங்க படிக்கிற சமாச்சாரம், இதில் என்ன அரசியல் கண்டீர் என்பார்கள். ஆனால் கடந்தகாலத்தில் கை வைக்கலாமா, வைத்தால் என்ன ஆகும் என்பது வரலாறு எழுதுகிற எவருக்கும் உரிய கேள்வி. அதை இன்று பிள்ளைகளிடம் கேட்பது பாடப்புத்தகம் இல்லை, முகமூடி போட்ட நாயகன். அவன் என்ன பதில் சொல்லித் தருகிறான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1

சாகச நாயகர்கள் தமிழுக்கு வந்தது சிவகாசி வழியாக. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ். இந்தப் பிரிட்டிஷ் இறக்குமதிகளில் ஒன்று ஆர்ச்சி என்கிற இயந்திர மனிதன். அவனுக்கும் அவனுடைய இரண்டு வெள்ளைக்கார நண்பர்களுக்கும் ஒரு காலயந்திரம் உண்டு. சதுரங்கக் காயைப் பெரிதாக்கிச் செய்ததுபோன்ற ஒரு கோட்டை. கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டே அடுத்தவர் காலத்துக்குள் போய் இறங்குவது, அங்கே உள்ளவர்களுக்கு நியாயம் வழங்குவது, பிறகு கிளம்பிவிடுவது! ஜார்ஜ் கோட்டையை வைத்து ஆளப்பட்ட ஊர்க்காரர்களுக்கு இந்தப் படிமம் புதிதே இல்லை. இறங்கிய இடத்தில் என்ன கெட்டது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அந்தக் கோட்டைக்கு இல்லை.

திரும்பிப் பார்க்கிற கதைகளும் உண்டு. 1952இல் ரே பிராட்பரி எழுதிய சிறுகதையில், ஆதிகாலத்துக்கு வேட்டையாடப் போனவன் ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிடுகிறான். திரும்பி வந்தால் தேர்தலில் சர்வாதிகாரி ஜெயித்திருக்கிறான். 2011இல் வந்த ‘ஃபிளாஷ்பாயின்ட்’ காமிக்ஸ் தொடரில், ஃபிளாஷ் என்னும் அதிவேக நாயகன் கொலையுண்ட தன் தாயைக் காப்பாற்றக் கடந்தகாலத்துக்கு ஓடுகிறான். தாய் பிழைக்கிறாள். ஆனால் உலகம் சிதைகிறது. மேற்கு ஐரோப்பா கடலில் மூழ்குகிறது, சூப்பர்மேன் அரசாங்கச் சோதனைக் கூடத்தில் கைதியாகிறான். கடைசியில் அவன் மறுபடி ஓடிப்போய்த் தன்னையே தடுக்க வேண்டும். அதாவது தாய் சாக வேண்டும்.

இந்தக் கதையாடலின் பாடம் என்ன? நடந்தது நடந்ததுதான், கை வைக்காதே, வைத்தால் இதைவிட மோசமாகும். இது விஞ்ஞானத்தின் குரல் இல்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1991இல் பிற்போக்கின் சொல்லணிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் அதை எதிர்க்க மூன்று வாதங்கள் தயாராக இருக்கும் என்கிறார்: எதிர்விளைவு உண்டாகும், ஒன்றும் நடக்காது, இருப்பதும் போய்விடும். 1990இல் மண்டல் பரிந்துரை அமலுக்கு வருகிறது என்றதும் நாம் கேட்டது எது? இடஒதுக்கீடு சாதியை ஒழிக்காது, வளர்க்கும். தகுதி போய்விடும் என்று. எதிர்பாராத விளைவு என்பது பலநேரம் அறிவின் எச்சரிக்கையாக வருவதில்லை, அனுபவித்துக்கொண்டிருப்பவனின் பயமாகவே வருகிறது.

2

ஃபிளாஷ் விஷயத்தில் ஒரு நேர்மை உண்டு. காலத்தைக் கெடுத்தவனே விலை கொடுக்கிறான், தன் தாயைக் கொடுக்கிறான். நம் சினிமாவுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது.

ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ 2015இல் வந்தது. தமிழில் காலயந்திரத்தை இத்தனை சுவாரசியமாகக் கையாண்ட படங்கள் குறைவு. எதிர்காலத்திலிருந்து வந்து விழுந்த யந்திரம் இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் சாம்ராஜ்யம் எதுவும் கட்டப் போவதில்லை, ஜோசியம் என்ற பெயரில் காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். இந்தச் சின்னப் புத்தி ரொம்ப அழகு. ஆனால் இறந்தகாலத்துக்குப் போன இடத்தில் ஒரு விபரீதம். போலீஸ் என்கவுண்டரில் சாக வேண்டிய குழந்தைவேலு என்கிற ரவுடி இவர்களால் தப்பித்துவிடுகிறான். தவறிப்போன அந்த ஒரு சாவுதான் படத்தின் முழுச் சிக்கல். அவன் ஒழிந்தால்தான் காலம் சரியாகும்.

பிரதியைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டிய இடம் இது. விசாரணை இல்லாமல், தீர்ப்பு இல்லாமல் ஓர் ஆளைச் சுட்டுக் கொல்வது இங்கே இயல்பான காலம். அவன் பிழைப்பது பிறழ்வு. அரங்கத்தில் யாரும் திடுக்கிடுவதில்லை. “ரவுடிதானே சார், செத்தா என்ன?” படம் இதைப் பிரச்சாரம் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. பிரச்சாரம் செய்யத் தேவையே இல்லாத அளவுக்கு இது நமக்குப் பொதுப்புத்தியாகிவிட்டது என்கிறேன். 2024 ஜூலையில் மாதவரத்தில், செப்டம்பரில் வியாசர்பாடியில் என்று வடசென்னையில் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டவர்கள் சிலர். கணக்கு தீர்ந்தது என்றவர்களே அதிகம். வெள்ளித்திரையில் பழகிய கைதட்டல்தான் அது.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) வேறு திசையில் போகிறது. அப்துல் காலிக் என்ற இளைஞன் ஒரே நாளில் மாட்டிக்கொள்கிறான். முதலமைச்சரைக் கொன்று, பழியை ஒரு முஸ்லிம்மேல் போட்டு, கலவரம் மூட்டத் திட்டம். ஒவ்வொரு முறையும் அப்துல் சாகிறான், மறுபடி விழிக்கிறான், மறுபடி முயல்கிறான். அவன் ஒன்றைத் திருத்தினால் எதிரி இன்னொன்றை மாற்றுகிறான். எதிர்பாராத விளைவு இங்கேயும் உண்டு. ஆனால் படம் அதிலிருந்து ‘கை வைக்காதே’ என்ற முடிவுக்கு வரவில்லை, ‘மறுபடி கை வை’ என்கிறது. விலையும் அவன் உடம்பிலிருந்தே போகிறது. இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம் விஞ்ஞானத்தில் இல்லை, யாருடைய சாவு செலவுக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது.

3

இதே கேள்வியோடு நான் வசிக்கிற யானைக்கவுனிக்கு வருகிறேன். இங்கே காலயந்திரம் எதுவும் இறங்கவில்லை. ஆனால் கடந்தகாலம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது.

கவுனி என்றால் கோட்டை வாசல். வாசலும் இல்லை, சுவரும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுப் படை ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. அது விலகியதும், எதிரி மறுபடி வந்தால் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரத்தைக் கம்பெனி இடித்துத் தள்ளியது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் பக்கம் அது. மக்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். இதைத் தாண்டி வீடு கட்டாதே என்று 1773இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது. இடையில் ஹைதர் அலியின் குதிரைப்படை 1769இல் சென்னையின் வாசல்வரை வந்துபோனது. அந்தப் பயத்தில் புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில். ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். அதன் மேற்கு வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி.

வருங்கால ஆபத்தை முன்கூட்டியே தடுக்கிறேன் என்று கிளம்புகிற சாகச நாயகனின் தர்க்கம்தான் இதுவும். விளைவு? ஹைதர் கடைசிவரை அந்தச் சுவரை முற்றுகையிடவில்லை. சுவர் எதிரியைத் தடுத்ததைவிட ஊரை உள்ளே, வெளியே என்று பிரித்ததே அதிகம். கட்டிய செலவை உள்ளே இருப்பவர்களிடமே வரியாகப் பிடுங்கக் கம்பெனி திட்டம் போட்டது. சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகத்தில் அந்த வரி வசூலாகவே இல்லை. ஆனால் சுவர் ஓரச் சாலைக்கு வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வ.உ.சி. சாலை என்று மாற்றியும் ஜனங்கள் வாயில் வால்டாக்ஸ்தான். நடக்காத வரிக்கு இருநூறு வருஷம் தாண்டியும் ஞாபகச் சின்னம் இருக்கிறது. நடந்த இடிப்புக்கு, வீடிழந்தவர்களுக்கு ஒரு சந்துகூடப் பெயராக இல்லை. மாற்று வரலாறு வேண்டுமென்றால் காமிக்ஸ் வாங்க வேண்டியதில்லை, தெருப்பலகையைப் படித்தால் போதும்.

4

இதற்கு எதிர்த்திசையில் நம்முடைய திருத்தமும் ஒன்று உண்டு. பெரியார் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப்பெயர்களிலிருந்து சாதி ஒட்டு நீக்கப்பட்டது. ஜி.என். செட்டி ரோடு ஜி.என். சாலை ஆனது. சௌகார்பேட்டையில் ஜெனரல் முத்தையா முதலி தெரு, முதலியை இழந்தது. 2025 அக்டோபரில் மறுபடியும் இதற்கு ஓர் அரசாணை வந்தது. நான் இதை ஆதரிக்கிறவன். பலகையில் தொங்கும் சாதி, அந்தத் தெருவில் நடக்கிற தலித்தை நாள்தோறும் அவமதிக்கிற ஒன்று.

ஆனால் விளைவுகளையும் பார்க்க வேண்டும். பலகையிலிருந்து போன சாதி, கடை பில்லிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முதலி, நாயக்கன், செட்டி என்று வரிசையாக இருந்த பெயர்கள் பெருமை மட்டும் இல்லை, வாக்குமூலமும்கூட. இந்த நகரத்தின் மண் யார் கையில் இருந்தது என்பதற்கு உடைமைச் சாதியே எழுதிவைத்த சாட்சியம். பெயரை எடுத்தோம், சொத்து எடுக்கப்படவில்லை. கேட்டால், இங்கே சாதியே கிடையாதுங்க என்று சொல்ல இப்போது வசதியாகப் போய்விட்டது.

அதனால் பலகையில் கை வைத்திருக்கக் கூடாது என்றாகுமா? அப்படிச் சொல்வது ஃபிளாஷின் பாடத்துக்கே திரும்புவது. பலகை போகட்டும், பதிவு இருக்கட்டும். யார் பெயரில் இருந்த தெரு, யார் கட்டியது, யார் குப்பை அள்ளியது என்று நாம் எழுதிவைக்க வேண்டும். ஒரு திருத்தத்தின் கெட்ட விளைவுக்கு மருந்து இன்னொரு திருத்தம்தான்.

வால்டர் பெஞ்சமின் 1940இல் எழுதிய வரலாற்று ஆய்வுரைகளில், எதிரி ஜெயித்துக்கொண்டே போனால் செத்தவர்களுக்கும் பாதுகாப்பில்லை என்ற பொருளில் எச்சரிக்கிறார். கடந்தகாலம் முடிந்துபோன ஒன்று இல்லை, இன்னும் சண்டை நடக்கிற இடம். அங்கே நாம் போகாவிட்டாலும் மற்றவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், சுவரோடும் துப்பாக்கியோடும் பெயர்ப்பலகையோடும்.

வால்டாக்ஸ் ரோட்டு நடைபாதையில் தலைமுறைகளாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்தை அழகாக்கப் புறப்படும் ஒவ்வொரு திட்டமும் இப்படிப்பட்டவர்களைக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ ஏற்றி அனுப்பப் பார்க்கிறது. திட்டம் போடுகிறவர்களும் எதிர்காலத்தைக் காப்பாற்றுகிற நாயகர்கள்தாம். அவர்களிடம் கேட்க வேண்டியது, காலத்தை மாற்றலாமா கூடாதா என்பது இல்லை. 1759இல் கோட்டையைப் பார்த்து யாரும் கேட்க முடியாமல் போன கேள்வி அது: இதற்கான விலையை உங்கள் வீட்டில் யார் கொடுக்கப் போகிறார்கள்?