ஃபூஜி மலையும் எடோ நகரத்து எளிய மக்களும்

ஜப்பானின் மிக உயர்ந்த மலையான ஃபூஜி (3,776 மீட்டர்) தொடக்கத்தில் மக்கள் ஏறி வழிபடும் மலையாக இருக்கவில்லை. நெருப்பைக் கக்கும் எரிமலை என்பதால் அவர்கள் அதைத் தொலைவிலிருந்தே தொழுதனர்; அதன் சினம் தணிய வேண்டி அடிவாரத்தில் செங்கென் எனப்படும் கோயில்கள் எழுந்தன. 12ஆம் நூற்றாண்டில் மத்சுதாய் என்னும் துறவி உச்சியில் தைனிச்சிக்கு, அதாவது மகாவைரோசனப் புத்தருக்கு, ஆலயம் எழுப்பினார். அதன்பின், மலைகளில் கடுந்தவம் இயற்றி அருளாற்றல் பெற முயலும் ஷுகெந்தோ நெறியினர் அங்கு நிலைகொண்டனர். அவர்கள் களமாக இருந்த அம்மலை நகரத்து வணிகருக்கும் கைவினைஞருக்கும் உரியதாக மாறியது எடோ காலத்தில் (1603–1868) நிகழ்ந்தது.

ஹிதோஅனா என்னும் எரிமலைக் குகையில் தவம் செய்த ஹசேகாவா ககுக்யோ இம்மாற்றத்தின் மூலவராகப் போற்றப்படுகிறார். எனினும் அதை மக்கள் இயக்கமாக்கியவர், எடோவில் (இன்றைய டோக்கியோவில்) எண்ணெய் வணிகம் செய்த ஜிகிக்யோ மிரோக்கு ஆவார். அவரவர் தொழிலை நேர்மையாகச் செய்வதே வழிபாடு என்றும், ஆணும் பெண்ணும் நிகர் என்றும் அவர் போதித்தார். பஞ்சமும் அரிசித் தட்டுப்பாடும் மக்களை வாட்டிய 1733ஆம் ஆண்டில், உலக நலன் வேண்டி மலையின் ஏழாம் நிலையில் உள்ள பாறையருகே உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். அந்நாட்களில் அவர் கூறியவற்றை உடனிருந்த சீடர் தனபே ஜூரோஎமோன் எழுதி வைத்தார்.

அவருடைய மறைவுக்குப் பின், 'ஃபூஜி-கோ' எனப்படும் வழிபாட்டுச் சங்கங்கள் எடோவின் தெருக்களெங்கும் பெருகின. உறுப்பினர் அனைவரும் சிறுதொகை செலுத்த, குலுக்கலில் பெயர் வந்தவர்கள் எல்லோருக்குமாக மலையேறித் திரும்பும் இம்முறை குலுக்குச் சீட்டை ஒத்தது. தனியொருவராகப் பயணச் செலவைத் தாங்க இயலாத தச்சரும் சிறுகடைக்காரரும் புனிதப் பயணம் மேற்கொள்ள இதுவே வழிவகுத்தது. மக்கள் இவ்வாறு திரள்வதை ஐயுற்ற டோக்குகாவா அரசு இச்சங்கங்களைப் பன்முறை தடைசெய்தும் அவை அழியவில்லை.

பயணிகளை வரவேற்றவர்கள், வடக்கு அடிவாரத்துக் கமியோஷிதா ஊரின் 'ஓஷி' எனப்பட்ட பூசகர்கள். அவர்கள் உறைவிடமும் உணவும் அளித்து, பூசை செய்து, வழிகாட்டிகளையும் ஏற்பாடு செய்தனர்; மலையேறும் பருவம் முடிந்தபின் எடோ சென்று தம் அடியார்களுக்குக் காப்புத் தாள்களை வழங்கினர். தெருவிலிருந்து நீண்ட நடைவழியால் உள்வாங்கி அமைந்த அவர்களுடைய வீடுகளின் முன் ஓடும் நீரோடையில் பயணிகள் தூய்மை செய்துகொண்டனர். பின்னர் வெள்ளுடை உடுத்து, கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் ஆகிய ஆறும் தூய்மையுறுக என்னும் பொருள்பட 'ரொக்கோன் ஷோஜோ' என்று முழங்கியபடி மலையேறினர்.

பெண்கள் மலையின் மேற்பகுதிக்குச் செல்லத் தடை இருந்தது. அவர்களும் முதியோரும் சிறுவரும் ஏறும் பொருட்டு, ஃபூஜியின் எரிமலைக் கற்களைக் கொண்டுவந்து, எடோவிலேயே 'ஃபூஜிசுகா' என்னும் சிறு குன்றுகளை எழுப்பினர். முதற்குன்றை ஜிகிக்யோவின் சீடரும் தோட்டக் கலைஞருமான தகதா தோஷிரோ 1779இல் அமைத்தார். 1789இல் எழுந்த செந்தகாயா குன்று இன்றும் உள்ளது. 1832இல் தகயாமா தத்சு என்னும் பெண் ஆணுடை தரித்து உச்சியை அடைந்தார். சட்டப்படியான தடை 1872இல்தான் நீங்கியது.

மெய்ஜி அரசு 1868இல் ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரித்தபின், உச்சியிலிருந்த புத்தர் சிலைகள் அகற்றப்பட்டன. 1872இல் ஷுகெந்தோவும் தடைசெய்யப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் சாலைகளும் இருப்புப்பாதையும் பெருகியதால் ஓஷி வீடுகளின் தேவை குறைந்தது. எனினும் ஃபூஜியின் புகழை வளர்த்ததில் அரசருக்கும் மடங்களுக்கும் இருந்த பங்கினும், எளியோர் சேர்த்த சிறுகாசுகளின் பங்கு குறைந்ததன்று. 2013இல் ஃபூஜி உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, ஹிதோஅனாவும் கமியோஷிதாவின் இரண்டு ஓஷி வீடுகளும் அதன் உறுப்புகளாகச் சேர்க்கப்பட்டமை இவ்வுண்மைக்குக் கிடைத்த உரிய ஏற்பாகும்.