வயது வரிசையும் வாழ்நாளும்: மூளை இணைப்புகளின் மாற்றம் அளக்கப்பட்ட வரலாறு

மூளையின் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புகள் வயதோடு மாறுகின்றன என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த மாற்றத்தை ஒரே மனிதரிடம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அண்மைக்காலம்வரை மிகக் குறைவு. வெவ்வேறு வயதினரை வரிசையாக நிறுத்தி, அந்த வரிசையையே ஒரு வாழ்நாளாகப் படிப்பதுதான் இத்துறையின் நெடுநாள் வழக்கம். அது எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில். பால் ஃபிளெக்சிக் 1876-ல் வெளியிட்ட நூல், கருவிலும் பிறந்த சில நாட்களிலும் இறந்த சிசுக்களின் மூளைகளை ஆதாரமாகக் கொண்டது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை படியும்போது அவை வெண்மையாகத் தெரியும். அந்த வெண்மை மூளை முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. உணர்வுக்கும் அசைவுக்கும் உரிய பாதைகள் முந்துகின்றன, புறணியின் பல பகுதிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பாதைகள் பிந்துகின்றன என்று அவர் கண்டார். யாகவ்லெவும் லெகூரும் 1967-ல் இந்த வரிசையை விரித்து, சில பாதைகளில் மயலின் படிவது இருபது வயதைத் தாண்டியும் நீள்வதாகக் காட்டினர்.

ஃபிளெக்சிக்கின் முடிவு நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் கேட்டது எது முதலில், எது பிறகு என்ற கேள்வி. ஒரு சிசுவுக்கும் இன்னொரு சிசுவுக்கும் உள்ள வேறுபாட்டைவிட அந்த முன்பின் ஒழுங்கு வலுவானது. எவ்வளவு, எந்த வேகத்தில் என்று கேட்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்களின் கவனம் வளர்ச்சியிலிருந்து இழப்புக்குத் திரும்பியது. 1977-ல் இன்னொசென்டியும் சகாக்களும், பிறந்த பூனைக்குட்டிகளின் இரு அரைக்கோளங்களுக்கு நடுவே வளர்ந்த பூனையிடம் இல்லாத இணைப்புகள் இருப்பதைக் கண்டனர். பின்னர் லாமான்டியாவும் ராக்கிச்சும் ரீசஸ் குரங்குகளில் எண்ணிப் பார்த்தனர். இரு அரைக்கோளங்களையும் சேர்க்கும் கார்ப்பஸ் காலோசத்தில், பிறக்கும்போது இருக்கும் நரம்பிழைகள் வளர்ந்த குரங்கினுடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். மனிதரில் இதற்கு இணையான சான்றைத் தந்தவர் சிகாகோவின் பீட்டர் ஹட்டன்லோக்கர். 1979-ல் அவர் மின்னணு நுண்ணோக்கியின்கீழ் 21 மூளைகளின் முன்மடலில், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் சினாப்ஸ்களை எண்ணினார். ஒன்று முதல் இரண்டு வயதில் அவற்றின் அடர்த்தி வளர்ந்தோரைவிட 50 விழுக்காடு அளவுக்கு உயர்ந்து, பதினாறு வயதுக்குள் இறங்கிவிடுகிறது என்பது அவர் முடிவு.

பிறந்த குழந்தை முதல் தொண்ணூறு வயதுவரை 21 பேர் என்றால், ஒவ்வொரு வயதுக் கட்டத்துக்கும் ஒருவரோ இருவரோதான். வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளின் புகைப்படங்களை வயதுப்படி ஒரே ஆல்பத்தில் ஒட்டி, ஒரு பிள்ளை வளர்ந்த கதை என்று சொல்வதைப் போன்றது இது. கதையின் போக்கு சரியாக இருக்கலாம். தேதிகளை நம்ப முடியாது. 2011-ல் பெட்டான்யெக் குழுவினர், முன்மடலில் இந்த இழப்பு முப்பது வயதை நெருங்கும்வரை தொடர்வதாகக் காட்டினர். பதினாறு என்ற எல்லை நகர்ந்தது.

உயிருள்ள மூளையின் இணைப்புகளைப் பார்க்கும் வழிகள் 1990-களில் வந்தன. நீர் மூலக்கூறுகள் நரம்பிழையின் நீளவாக்கில் எளிதாக நகர்வதை எம்.ஆர்.ஐ. மூலம் அளந்து, பாதைகளின் திசையை ஊகிக்கும் முறையை 1994-ல் பாஸரும் சகாக்களும் அளித்தனர். அடுத்த ஆண்டு, விஸ்கான்சினில் ஆய்வு மாணவராக இருந்த பரத் பிஸ்வால் வேறொன்றைக் கண்டார். கை அசையாமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும், அசைவுக்குரிய இடது, வலது பகுதிகளின் சமிக்ஞைகள் ஒன்றாக ஏறி இறங்கின. இப்படி இரு பகுதிகள் ஒத்திசைவதே ‘செயல் இணைப்பு’ எனப்படுகிறது. அவற்றுக்கு நடுவே நரம்பிழை நேராக ஓடியாக வேண்டும் என்பதில்லை.

இம்முறையைச் சிறுவர்களிடம் பயன்படுத்திய செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினர், 2007 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் கவர்ச்சியான ஒரு சித்திரத்தை வைத்தனர்: வயது ஏற ஏற அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பு தளர்கிறது, தொலைவில் உள்ளவற்றின் இணைப்பு இறுகுகிறது. 2010-ல் இந்த அளவீடுகளைக் கொண்டே ஒருவரின் மூளை முதிர்ச்சியைக் கணிக்கலாம் என்ற கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

2012-ல் அந்தச் சித்திரம் ஆட்டம் கண்டது. கருவிக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட அருகிலுள்ள பகுதிகளின் ஒத்திசைவு பொய்யாகக் கூடுகிறது, தொலைவிலுள்ளவற்றினுடையது குறைகிறது என்று மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. சிறுவர்கள் பெரியவர்களைவிட அதிகம் நெளிபவர்கள். எனவே வளர்ச்சி என்று எண்ணியதில் ஒரு பங்கு, அசையாமல் படுக்கக் கற்றுக்கொண்டதன் அளவாக இருந்திருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று அதே செயின்ட் லூயிஸ் குழு. தங்கள் முந்தைய முடிவைத் தாங்களே கேள்விக்குள்ளாக்கிய அந்தக் கட்டுரையை, இத்துறையின் மிக நேர்மையான பக்கம் என்பேன். அசைவைக் களைந்த பின்னும் வயதின் விளைவு முற்றாக மறையவில்லை. ஆனால் கணிசமாகச் சுருங்கியது.

வயதில் வேறுபடும் இரண்டு பேர் வேறு பலவற்றிலும் வேறுபடுவார்கள் என்ற பழைய பாடமே இது. இதற்கு மாற்று, ஒரே பிள்ளைகளைத் தொடர்வதுதான். அமெரிக்காவில் ஏறத்தாழ 11,900 சிறுவர்களை ஒன்பது, பத்து வயதில் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் படமெடுக்கும் ஏ.பி.சி.டி. ஆய்வு அதைச் செய்கிறது. ஆனால் கருப்பருவத்துக்கு அந்த வழி போதாது. எம்.ஆர்.ஐ.யில் தனித்தனி உயிரணுக்கள் தெரியாது என்பதால், அங்கே ஃபிளெக்சிக்கின் பாதையே இன்னும் தேவைப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்ற படத்தொகுப்பு, கருமூளைகளின் 5,132 சீவல்களை உயிரணு அளவு நுணுக்கத்தில் இலவசமாகத் தருகிறது.

2025 இறுதியில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், மூளை இணைப்பமைப்பு 9, 32, 66, 83 ஆகிய வயதுகளில் திசை மாறுவதாக அறிவித்தனர். அதற்கு ஆதாரம் பிறப்பு முதல் தொண்ணூறு வயதுவரையான 3,802 பேரின் படங்கள். அதாவது மறுபடியும் ஒரு வயது வரிசை. முன்மாதிரிகளைவிடப் பன்மடங்கு பெரியது, கவனமானது என்றாலும், ஒருவரின் 32-ஆம் வயதில் இதுதான் நிகழ்கிறது என்று சொல்லும் உரிமையை அது தரவில்லை. அத்தகைய தலைப்புச் செய்தி கண்ணில் பட்டால், அளந்தது ஒரே ஆட்களையா, வெவ்வேறு வயதினரையா என்பதை முதலில் பாருங்கள்.