வட்டமும் பள்ளத்தாக்கும்: எரிமலை வெளியேற்றத் திட்டங்கள் பற்றி

கேடய எரிமலை, அடுக்கு எரிமலை என வடிவத்தைக் கொண்டு பகுப்பது பாடநூல் மரபு. அதற்குப் பயனும் உண்டு. கேடய எரிமலையான ஹவாயின் கிலாவேயாவில் 2018இல் எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிமலைக் குழம்பில் அழிந்தும் அதனால் ஒருவரும் இறக்கவில்லை. அடுக்கு எரிமலையோ வாயு செறிந்த பிசுபிசுப்பான குழம்பை வெடித்துச் சிதறடிக்கும். ஆனால், மக்களை எங்கிருந்து, எப்போது அகற்றுவது என்பதை வகையோ வெடிப்பின் அளவோ தீர்மானிப்பதில்லை. ஆபத்து வரும் வழியும், வெளியேற ஆணையிடும் பொறுப்பும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 இரவு 9 மணிக்குப் பின் வெடித்தது. வெடிப்பு பெரிதன்று. ஆயினும் சூடான சாம்பலும் கற்களும் சிகரத்துப் பனியில் ஒரு பகுதியை உருக்கின. உருகிய நீர் மண்ணையும் பாறைகளையும் வாரிக்கொண்டு ‘லஹார்’ எனப்படும் சேற்று வெள்ளமாகப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. ஆற்றுவழியில் எழுபது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஆர்மேரோ நகரை அது அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரமாயிற்று. அந்நகரில் மட்டும் இருபதாயிரம் பேர் மாண்டனர். எரிவாயைச் சுற்றி 40 கிலோமீட்டருக்கு வட்டமிட்டிருந்தாலும் ஆர்மேரோ அதற்குள் வந்திராது. ஆற்றின் போக்கைப் பின்தொடர்ந்தால் மட்டுமே வரும். அந்நகர் நின்றதே 1845இல் வந்த சேற்றின் படிவின்மேல்தான். அக்டோபரில் வெளியான ஆபத்து வரைபடமும் அதைக் குறித்திருந்தது. அன்று பிற்பகலில் சாம்பல் பொழிந்தபோதுகூட மக்களுக்குக் கிடைத்தது அமைதி காக்கும்படியான அறிவுரையே. அறிவியலுக்குக் குறைவில்லை, அதை ஆணையாக மாற்றும் ஏற்பாடுதான் இல்லை.

பொய்யெச்சரிக்கையின் செலவை அஞ்சுவது நியாயமே என்று மறுப்போர் உண்டு. 1976இல் குவாதலூப்பின் லா சூஃப்ரியேர் அருகிலிருந்து சுமார் எழுபதாயிரம் பேர் மாதக்கணக்கில் அகற்றப்பட்டனர்; எதிர்பார்த்த பெருவெடிப்பு நிகழவில்லை. ஆனால் இது வெளியேற்றத்தைத் தவிர்ப்பதற்கான காரணமாகாது. அதைப் படிப்படியாக அமைப்பதற்கான காரணமாகும்.

பிலிப்பைன்ஸின் பினதுபோவில் 1991இல் நடந்தது இதுவே. அந்நாட்டு எரிமலையியல் நிறுவனமும் அமெரிக்க வல்லுநர்களும் ஐந்து நிலை எச்சரிக்கை முறையைக் கடைப்பிடித்தனர். நிலநடுக்கமும் வாயு வெளியேற்றமும் கூடக்கூட அபாய எல்லை 10, 20, 30 கிலோமீட்டர் என விரிந்தது. ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரவர் வெளியேறியதால் குறைந்தது ஐயாயிரம் உயிர்கள் தப்பின. ஆனால் அன்றே வந்த யுன்யா சூறாவளியின் மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை வீழ்த்தியது. அன்றைய சாவுகளில் பெரும்பாலானவை அதனால் நேர்ந்தவை. தொடர்ந்து பல ஆண்டுகள் மழைக்காலந்தோறும் லஹார்கள் இறங்கின. வட்டம் இங்கும் போதவில்லை.

ஆகவே வெளியேற்றத் திட்டம் மூன்றை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்: ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் லஹார் ஊரை அடைய ஆகும் நேரம், எந்த அறிகுறிக்கு எந்த நடவடிக்கை என்பது, இரவானாலும் ஆணையிடக் கடமைப்பட்ட அதிகாரி யார் என்பது. மூன்றாவது எழுதப்படாவிட்டால் முதலிரண்டும் ஆர்மேரோவின் வரைபடத்தைப் போல் தாளிலேயே தங்கிவிடும்.